அம்மாவுக்கு வீதி தெரியும், கேள்விதான் புரியவில்லை

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. யாழ்ப்பாணத்தில் முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டி என்று ஊரெல்லாம் ஓடித் திரிந்தவர். லண்டனுக்கு வந்த பிறகு எங்கே போவதென்றாலும் அப்பாதான் கூட்டிப்போவார். போன வருஷம் அப்பா தவறிவிட்டார், கார் வாசலிலேயே நிற்கிறது. இனி நானே ஓடப் பழகுகிறேன் என்று அம்மா சொன்னபோது எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் லைசென்ஸுக்காக கொம்பியூட்டரில் எழுதும் தியரி பரீட்சையில் இரண்டு தரம் பெயில். முதல் தரம் 50-க்கு 36, இரண்டாம் தரம் 41. கடையிலும் டொக்டரிடமும் சமாளிக்கிற அளவுக்கு ஆங்கிலம் இருக்கிறது. ஃபோனில் ஆப் போட்டுக் கொடுத்தோம், அதில் ஒவ்வொரு நாளும் 48, 49 எடுக்கிறார். பரீட்சைக்குப் போனால் விழுந்துவிடுகிறது. மாமா ஒருவர் அந்த நாளில் தமிழில் கேட்டே சித்தியடைந்தேன் என்கிறார். இப்போது ஏன் தமிழ் இல்லை? அம்மாவுக்கு நான் எப்படி உதவுவது?
ஒரு மகள், ஹரோ

பதில்: மாமா சொன்னது பொய்யில்லை. 2014 ஏப்ரல் 7 வரைக்கும் 19 வெளிநாட்டு மொழிகளில் ஹெட்ஃபோனில் கேள்வியைக் கேட்டுப் பதில் போட முடிந்தது, அதில் தமிழும் ஒன்று. வீதிப் பாதுகாப்பு, மோசடி, செலவு என்று காரணம் சொல்லி அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. இப்போது ஆங்கிலம், இல்லாவிட்டால் வேல்ஸ் மொழி. ஆகவே "தமிழில் இருந்திருந்தால்" என்ற கதையை வீட்டில் இன்றோடு விடுங்கள், அம்மாவுக்கு அது ஒவ்வொரு தரமும் ஒரு பெருமூச்சைத்தான் கொடுக்கும். ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது. பதிவு செய்யும்போதே கேட்டால், ஆங்கிலக் கேள்வியையும் விடைகளையும் ஹெட்ஃபோனில் வாசித்துக் காட்டுவார்கள். எழுத்தாகப் பார்த்தால் தடுமாறி, காதால் கேட்டால் விளங்கிக்கொள்ளும் ஆட்கள் நம்மில் நிறைய. அம்மா அந்த ரகமா என்று வீட்டில் நீங்களே ஒரு கேள்வியை வாசித்துக் காட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஆப்பில் வரும் அந்த 48. அதை நம்பாதீர்கள். 2012-க்குப் பிறகு உண்மையான பரீட்சைக் கேள்விகளை வெளியே விடுவதில்லை, ஆப்பிலும் புத்தகத்திலும் இருப்பவை அதே விஷயத்தைக் கேட்கும் வேறு கேள்விகள். அம்மா கேள்வியை வாசிக்கவில்லை, அடையாளம் கண்டுபிடிக்கிறார். மஞ்சள் மழைக்கோட்டுப் படம் வந்தால் மூன்றாவது விடை, "ஃபொக்" என்ற சொல் வந்தால் முதலாவது விடை என்று கண் பழகிவிட்டது. பரீட்சையில் அதே பனிமூட்டம் வேறு வசனத்தில் வந்ததும் கை நின்றுவிடுகிறது. 36-இல் இருந்து 41-க்கு வந்தவர் என்றால் வீதி விதி அவருக்குத் தெரியாமல் இல்லை. வேண்டியது 43. இன்னும் இரண்டே கேள்வி. அந்த இரண்டையும் தின்பது ஆங்கிலச் சொற்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதனால் அம்மாவுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வெளிக்கிடாதீர்கள், அதற்கு வருஷக்கணக்கு வேண்டும். பரீட்சையின் ஆங்கிலம் சின்னது, திரும்பத் திரும்ப ஒரு நூறு நூற்றைம்பது சொல்தான் வரும். ஒரு கொப்பி எடுங்கள். ஆப்பில் பிழைத்த கேள்வியைப் பார்த்து, எந்தச் சொல்லில் தடக்கினார் என்று கேட்டு அந்தச் சொல்லை மட்டும் எழுதுங்கள், பக்கத்தில் அகராதித் தமிழ் வேண்டாம், அம்மா தன் வாயால் சொல்லும் விளக்கத்தை எழுதுங்கள். 'டெயில்கேட்டிங்' என்றால் "பின்னால் வந்து முதுகில் ஒட்டுகிறவன்". 'கேர்ப்' என்றால் "நடைபாதை விளிம்பு". 'அம்பர்' என்றால் நாம் ஒரேஞ்ச் என்று சொல்லும் அந்த லைட், ஆனால் பரீட்சையில் அது "கெதியா ஓடு" இல்லை, கோட்டைத் தாண்டிவிட்டாலோ நிறுத்தினால் மோதும் அளவுக்குக் கிட்ட வந்துவிட்டாலோ தவிர "நில்".

சில சொற்கள் தெரிந்த மாதிரி இருந்தே ஏமாற்றும். என் அக்கா மாதக்கணக்காக 'டூவல் கரேஜ்வே' என்றால் இரண்டு லேன் உள்ள வீதி என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை. போகும் பக்கத்தையும் வரும் பக்கத்தையும் நடுவில் ஒரு தடுப்போ புல்தரையோ பிரித்தால்தான் அது டூவல், லேன் எத்தனை என்பது கணக்கே இல்லை. இது விளங்காவிட்டால், வெள்ளை வட்டத்தில் குறுக்கே கறுப்புக் கோடு போட்ட பலகை வரும்போது காருக்கு வேக எல்லை 60 மைலா 70 மைலா என்பதும் பிழைக்கும். நடுவில் பிரிக்காத வீதியில் 60, டூவலிலும் மோட்டர்வேயிலும் 70. ஒரு சொல்லில் இரண்டு மூன்று கேள்வி போய்விடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அப்புறம் அந்தப் பாதசாரிக் கடவைகள். மிருகக்காட்சிசாலைக்குப் பெயர் வைத்தவர்தான் இதற்கும் வைத்திருக்க வேண்டும்: ஸீப்ரா, பெலிக்கன், பஃபின், டூக்கன், பெகஸஸ். சொல்லை மனப்பாடம் பண்ணினால் குழம்பும், நேரே போய்ப் பார்த்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். கறுப்பு வெள்ளைக் கோடும் மஞ்சள் உருண்டை விளக்கும் ஸீப்ரா. பெலிக்கனில் சிவப்புக்குப் பிறகு அம்பர் மின்னும், அந்த நேரம் கடப்பவர் யாரும் இருந்தால் விட வேண்டும். பஃபினில் மின்னாது. டூக்கனில் சைக்கிள்காரரும் ஓடியபடியே கடக்கலாம், ஆங்கிலத்தில் 'டூ கேன்', அதாவது "இரண்டு பேரும் முடியும்" என்பது டூக்கன் மாதிரிக் கேட்கும், அதுதான் பெயரின் பகிடி. பெகஸஸ் குதிரையில் வருபவர்களுக்கு. மரக்கறி வாங்கப் போகும் வழியில் எது என்ன என்று அம்மாவே சொல்லட்டும்.

இன்னொரு வகை உண்டு, சின்னச் சொற்கள். 'ஃபர்ஸ்ட்', 'எக்ஸெப்ட்', 'நொட்', 'லீஸ்ட்', 'மஸ்ட்', 'ஷுட்'. முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் நாலு விடையும் செய்ய வேண்டியவையாகவே இருக்கலாம், முதலில் எது என்பதுதான் கேள்வி. ஹைவே கோடில், அதாவது இந்த நாட்டு வீதி விதிப் புத்தகத்தில், 'மஸ்ட்' என்று இருந்தால் அது சட்டம், 'ஷுட்' என்றால் அறிவுரை. ஒரு கேள்வியை வாசித்ததும் விடையைப் பார்க்காமல், என்ன கேட்கிறார்கள் என்று தமிழில் ஒரு வரி சொல்லப் பழக்குங்கள். விடை சரியா பிழையா என்பதைவிட இந்த ஒரு வரி சரியா என்று பாருங்கள், இதில்தான் அந்த இரண்டு கேள்வியும் கிடைக்கும். நேரத்துக்கு அவசரமில்லை, 50 கேள்விக்கு 57 நிமிஷம் தருகிறார்கள். சந்தேகமானதைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பிவரலாம். ஒரு சின்ன வீடியோ காட்டி அதில் மூன்று கேள்வி கேட்பார்கள், அதையும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

இலக்கங்களில் அதிகம் மெனக்கெட வேண்டாம், நிற்கும் தூரம் மட்டும் கட்டாயம். 20 மைல் வேகத்தில் 12 மீற்றர், 30-இல் 23, 40-இல் 36, 50-இல் 53, 60-இல் 73, 70-இல் 96. வேகம் மைலில், தூரம் மீற்றரில், இந்த நாட்டுக்காரர் ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். ஹைவே கோடிலேயே ஒரு கார் 4 மீற்றர் என்று வைத்துக் கணக்குக் காட்டியிருக்கிறது: 30 மைலில் ஆறு கார், 70 மைலில் இருபத்துநாலு கார். உங்கள் வீதியில் வரிசையாக நிற்கும் கார்களை ஆறு வரைக்கும் அம்மாவை எண்ணச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை பந்தோடு வீதிக்கு ஓடி வந்தால் இவ்வளவு தூரம் போய்த்தான் கார் நிற்கும் என்று கண்ணால் பார்த்த இலக்கம் மறக்காது. மழையில் முன்னால் போகும் காருக்கு விடும் இடைவெளி இரண்டு மடங்கு, ஐஸில் பத்து மடங்கு. ரயர் தடம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இப்படி இலக்கமாகக் கேட்பவை கொஞ்சம்தான், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

வீதிப் பலகைகளுக்கு வடிவம் போதும். வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீள்சதுரம் தகவல். வட்டத்தில் சிவப்பு விளிம்பு பெரும்பாலும் "கூடாது", நீல வட்டம் "இப்படிச் செய்". தலைகீழ் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான், 'கிவ் வே', எண்கோணமும் ஒன்றுதான், 'ஸ்டொப்'.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், வீடியோப் பகுதியில் அம்மா எத்தனை? ஆபத்தைக் கண்டதும் கிளிக் பண்ணும் அந்த 14 வீடியோ. அதில் 75-க்கு 44 வேண்டும். கேள்வியில் 50-க்கு 50 எடுத்து இதில் 43 என்றாலும் பெயில், அடுத்த தரம் இரண்டு பகுதியையும் மறுபடி செய்ய வேண்டும். அம்மா வீட்டில் ஃபோனில் விரலால் தட்டிப் பழகியிருக்கிறார், அங்கே இருப்பது மௌஸ். வாழ்க்கையில் மௌஸைப் பிடிக்காத ஒருவருக்கு அது கையில் பிடித்த எலி மாதிரித்தான் துள்ளும். பழைய கணினி ஒன்றை மேசையில் வைத்து அதில் செய்ய விடுங்கள், இல்லாவிட்டால் நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். மற்றது, லண்டனில் இருப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் பயிற்சி ஒன்று, இரட்டைத்தட்டு பஸ்ஸின் மேல்தட்டு முன்சீற். அரை மணி நேரம் அம்மாவோடு அங்கே இருந்து, டிரைவர் பிறேக்கில் கால் வைக்க வேண்டி வரும் என்று தோன்றும் கணத்தில் "இப்ப" என்று சொல்லச் சொல்லுங்கள். நிற்கிற கார் ஆபத்தில்லை, அதன் கதவு திறக்கத் தொடங்கினால் ஆபத்து. பரீட்சை கேட்பதும் இதைத்தான்.

கடைசியாக ஒன்று, இது அம்மாவுக்கு இல்லை, உங்களுக்கு. என் அக்காவுக்கு நான் படிப்பித்தபோது மூன்றாம் நாளே குரலை உயர்த்திவிட்டேன், "இதைக்கூட வாசிக்கத் தெரியாதா" என்று. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, கொப்பியை மூடிவிட்டுச் சமைக்கப் போய்விட்டார், இரண்டு கிழமைக்கு அந்தக் கொப்பி திறக்கவே இல்லை. பிறகு அக்காவின் மகன், அப்போது அவனுக்குப் பதினொரு வயது, "நான் கேள்வி கேட்கிறேன், நீங்கள் எனக்கு விளங்கப்படுத்துங்கோ" என்று தலைகீழாக்கினான். அவனுக்கு விளங்கப்படுத்தப் போய்த்தான் அக்காவுக்கே விளங்கியது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு குட்டி வாத்தியார் இருந்தால் அவரை விடுங்கள். ஒரு நாளைக்கு இருபத்தைந்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். பெயிலானால் மூன்று வேலை நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்பதற்காக அடுத்த கிழமையே பதிந்துவிடாதீர்கள், ஒரு தரத்துக்கு 23 பவுண்ட். முன்பு பார்த்திராத புதுக் கேள்வித் தொகுப்பில் அம்மா மூன்று தரம் 46-க்கு மேல் எடுத்த பிறகு பதியுங்கள்.

கேள்வி: என் கணவர் கொழும்பில் பதினைந்து வருஷம் வான் ஓடியவர். அந்த லைசென்ஸில் இங்கே ஒரு வருஷம் ஓடினார், இப்போது இங்கத்தை லைசென்ஸ் எடுக்க வேண்டும். கேள்விப் பகுதியில் 47. வீடியோப் பகுதியில் ஒரு தரம் 38, ஒரு தரம் 41. "எனக்கு வாகனம் ஓடத் தெரியாதென்று ஒரு கொம்பியூட்டர் சொல்லுது" என்று வீட்டில் ஒரே கோபம்.
பெயர் வேண்டாம், ஈஸ்ட் ஹாம்

பதில்: அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஓடத் தெரிந்ததால்தான் புள்ளி குறைகிறது. ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு நேர இடைவெளி வைத்திருக்கிறார்கள், அது திறந்த உடனே கிளிக் பண்ணினால் 5, பிந்தப் பிந்த 4, 3, 2, 1, பிறகு பூச்சியம். கொழும்பு காலி வீதியில் வான் ஓடியவருக்கு ஒரு பையன் நடைபாதையில் திரும்பிப் பார்க்கும்போதே இவன் இறங்கப்போகிறான் என்று தெரியும், உடனே அழுத்திவிடுவார். அந்த நேரம் இடைவெளி திறந்திருக்காது, அந்தக் கிளிக்குக்குப் பெறுமதி இல்லை. தான் ஏற்கெனவே அழுத்திவிட்டேன் என்று நினைத்து, பையன் உண்மையாகவே வீதியில் கால் வைக்கும்போது சும்மா இருந்துவிடுவார்.

செய்ய வேண்டியது சின்ன மாற்றம். சந்தேகம் வந்ததும் ஒன்று, அது ஆபத்தாக மாறத் தொடங்கியதும் இன்னொன்று. அதற்காகப் படபடவென்று தட்டக்கூடாது, ஒரே தாளத்தில் தட்டினாலும் அந்த வீடியோவுக்குப் பூச்சியம் போட்டுவிடும். 14 வீடியோவில் ஒன்றில் மட்டும் ஆபத்து இரண்டு இருக்கும், ஆகவே ஒன்றைக் கண்டுவிட்டோம் என்று கதிரையில் சாயக்கூடாது. கேள்விப் பகுதி மாதிரி இதில் திரும்பிப் போகவும் முடியாது.

கேள்வியில் 47 எடுத்தவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லைதான், ஆனாலும் இரண்டு ஊர்ப் பழக்கங்கள் செய்முறைப் பரீட்சையிலும் காலை வாரும். ஊரில் எதிரே வருபவருக்கு லைட் அடித்தால் "நான் வாறன், நீ நில்" என்று அர்த்தம், இங்கே ஆட்கள் அதையே "நீங்கள் போங்கள்" என்று எடுப்பார்கள், ஹைவே கோடோ இரண்டும் இல்லை, நான் இங்கே இருக்கிறேன் என்று காட்ட மட்டும்தான் என்கிறது. ஹோர்ணும் அப்படித்தான், எச்சரிக்கைக்கு மட்டும், குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 தொடக்கம் காலை 7 மணி வரைக்கும் ஓடும்போது, வேறொருவரால் ஆபத்து என்றால் தவிர, அடிக்கக்கூடாது. 2022 ஜனவரியில் விதி மாறியதையும் சொல்லிவையுங்கள்: பக்க வீதிக்குத் திரும்பும்போது அதைக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும், முன்பு கடக்கத் தொடங்கியவருக்கு மட்டும்தான்.

பிள்ளைகளுக்கு முன்னால் அந்த 38-ஐப் பற்றிக் கதைக்காமல் இருந்தால் பாதிக் கோபம் குறையும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒருவர் 1,500 பவுண்ட் கொடுத்தால் தியரி "முடித்துத் தருகிறேன்" என்கிறார். உண்மையா?
குரொய்டன் வாசகர்

பதில்: முடித்துத் தருவார், யாரை என்பதுதான் கேள்வி. காதுக்குள் கருவி வைத்து விடை சொல்வது, இல்லாவிட்டால் உங்கள் பெயரில் இன்னொருவர் போய் எழுதுவது, இரண்டும் குற்றம், இதற்காகச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பரீட்சைக்குப் போகும்போது சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொல்வதும் பொக்கற்றைக் காட்டச் சொல்வதும் இவர்களால்தான். அந்தக் காசுக்கு 65 தரம் நேர்மையாக எழுதலாம், மிச்சமும் வரும். இன்னொன்று, பதியும்போது அரசாங்கத் தளத்திலேயே பதியுங்கள், தேடும்போது மேலே வரும் சில தளங்கள் அதே 23 பவுண்டுக்குக் கூடுதலாக வாங்குகின்றன.

கேள்வி: நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். மாமாவுக்கு 63 வயது, ஜி1 என்ற முதல் கட்ட லைசென்ஸ் பரீட்சை எழுதப்போகிறார். இங்கே தமிழிலும் எழுதலாம். தமிழா ஆங்கிலமா?
ஒரு மருமகள்

பதில்: கொடுத்துவைத்தவர் உங்கள் மாமா, லண்டன்காரர் படித்தால் பொறாமைப்படுவார்கள். ஒன்ராறியோவில் விதிகள் 20, பலகைகள் 20, இரண்டிலும் தனித்தனியே 16 சரியாக வேண்டும், ஒன்றின் மிச்சத்தை மற்றதில் ஈடுகட்ட முடியாது. தமிழிலேயே எழுதட்டும். ஆனால் அரசாங்கக் கைநூல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருக்கிறது, அதை நீங்கள் வாசித்து அவருக்குத் தமிழில் சொல்லும்போது ஆங்கிலச் சொல்லையும் கூடவே சொல்லிவையுங்கள், வீதிப் பலகையில் தமிழ் இருக்காது. ஊரில் இடப்பக்கம் ஓடியவர் என்றால் வலப்பக்கம் ஓடும் விதிகளுக்கு இரண்டு நாள் கூட வையுங்கள்.

கேள்வி: நாளை மறுநாள் அப்பாவுக்கு லண்டனில் தியரி. என்ன கொண்டுபோக வேண்டும்?
ஒரு மகன், டூட்டிங்

பதில்: படம் போட்ட புரொவிஷனல் லைசென்ஸ் கார்ட், அதாவது பழகுபவருக்குக் கொடுக்கும் லைசென்ஸ். அது இல்லாவிட்டால் எழுத விடமாட்டார்கள், காசும் திரும்பாது. ஃபோன், கைப்பை எல்லாம் லொக்கருக்குள் போய்விடும். கண்ணாடி போட்டு வாசிப்பவர் என்றால் அதை மறக்க வேண்டாம். முடிவை அங்கேயே கொடுப்பார்கள், சித்தியடைந்தால் அந்தத் தாளில் இருக்கும் இலக்கத்தை உடனே படம் எடுத்து வையுங்கள், செய்முறைப் பரீட்சைக்குப் பதிய அது வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் அதையும் முடித்துவிட வேண்டும். காரில் கூட்டிப்போய் நிறுத்த இடம் தேடி, அப்பாவை வாசலில் பதற வைக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள்.